மூடிய கை

ஒஸ்ட்ராவா, நான்காம் கோர்ட்.
ஒற்றையர் ஆட்டம் முடிந்ததும்
கூட்டம் பீர்க் கடைப் பக்கம் ஒதுங்கிவிட்டது.
மிச்சம் பதினோரு பேர், ஒரு நாய்.

மூன்று வருடமாய்
ஸ்தென்காவின் முகத்தைவிட
முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.
அங்கே மறைத்து நீட்டும் விரல்
ஒன்றென்றால் நிற்பாள்,
இரண்டென்றால் குறுக்கே பாய்வாள்.

அடுத்த வாரம் லின்ஸில்
அவளுக்கு வேறு ஜோடி.
காலையில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி
சொன்னாள்.
கத்தி ஓரம்வரை போய் வந்தது.

சூப்பர் டைபிரேக். ஒன்பது – எட்டு.
பந்தை நாலு தரம் தட்டுகிறேன்.
விரல் ஏதும் நீளவில்லை.
மூடிய கை.
அதற்கு எங்களிடம் அர்த்தம் கிடையாது.

நடுக்கோட்டில் போட்டேன்.
இல்டிகோ திணறி உயர்த்தியது
எங்கள் இருவருக்கும் நடுவே, மெதுவாக,
பிள்ளை விளையாட்டுப் பந்துபோல் இறங்கியது.

"உன்னுது" என்றோம்
ஒரே நேரத்தில்.

ஒன்பது – ஒன்பது.
நாய் குரைத்தது.