பாசிட்டிவ் எர்த்

ரென்மார்க் ஏலத்தில் எடுத்தேன்,
ஐம்பத்தொன்றாம் ஆண்டுச் சாம்பல் நிற ஃபெர்கூசன்.
அறுநூறு டாலர். கூடவே ஒரு கலப்பையும்
யாரோ இருக்கைக்கடியில் விட்டுப்போன
ஒற்றைக் கையுறையும்.

பகலில் ஆரஞ்சு தரம்பிரிக்கும் கொட்டகையில் வேலை.
என் மரங்களுக்கு இரவில்தான் நேரம்.
இரவிலோ, வரிசை முனையில் திருப்ப
வேகம் குறைத்தால் போதும்,
முகவிளக்கு இரண்டும் சுருங்கி நெல்லிக்காய் ஆகிவிடும்.
டைனமோ அப்படித்தான்:
ஓடினால் வரவு, நின்றால் கடன்.

"விற்றுவிட்டு ஒரு குபோட்டா வாங்கு"
அடிலெய்டிலிருந்து தம்பி மயூரதன்.
நான் பழைய வண்டி உடைக்கிற ட்ரெவரிடம் போனேன்.
மழையில் கிடந்த சுசூகியின் வயிற்றிலிருந்து
ஒரு ஆல்டர்நேட்டர், நாற்பது டாலர்.
"கேரண்டி?" என்றேன்.
"தேநீர் குடிக்கிறாயா?" என்றான்.

தாங்கித் தகட்டை மூன்று முறை அறுத்தேன்.
முதலாவது குட்டை. இரண்டாவதில் துளை விலகிவிட்டது.
மூன்றாவதைப் பூட்டி, இரும்பு அளவுகோலைக் கப்பிகளில் சாய்த்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.
ஒரு வாஷர் கேட்டது. கொடுத்தேன்.

பிறகுதான் எர்த்.
எழுபது வருடமாய் இந்த வண்டிக்கு,
சட்டகம் முழுக்க, கலப்பைக் கொக்கி வரை,
கொழு கிழித்த மண் வரை
பாசிட்டிவ்தான் நிலம்.
வந்த சுசூகிக்கோ நெகட்டிவ்.
மாற்றாமல் இணைத்தால் உள்ளே டயோடு கருகும்,
கண் இமைக்க நேரமிருக்காது.

பழைய கட்-அவுட் பெட்டியைக் கழற்றினேன்.
பேட்டரியைத் திருப்பி வைத்தேன்.
காயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றினேன்,
அம்மீட்டரையும்.
ஸ்டார்ட்டர் மோட்டரிடம் வந்ததும் கை நின்றது.
இது தலைகீழாய்ச் சுற்றுமோ?

சுற்றாது.
ஆர்மேச்சரும் காந்தச் சுருளும் சேர்ந்தே திரும்புவதால்
எந்த நிலத்தில் நிறுத்தினாலும்
அதற்கு ஒரே பக்கம்தான்.
அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கியர்த் தண்டைத் தள்ளியதும் பிடித்துக்கொண்டது.
மீட்டர் மட்டும் பன்னிரண்டு புள்ளி மூன்றில் நின்றது.
வேகம் கூட்டினேன். அசையவில்லை.
ட்ரெவரைத் திட்டினேன், சுசூகியைத் திட்டினேன்,
எங்கள் ஊர்ச் சொல்லெடுத்து.
ஆரஞ்சு மரங்கள்தானே, கேட்கட்டும்.

பதினொன்றரைக்கு உறைத்தது:
டாஷில் துளை போட மனமில்லாமல்
நான் ஒதுக்கிவைத்த எச்சரிக்கை விளக்கு.
அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.
அதன் வழியாய் ஒரு துளி மின்சாரம் வந்து தொட்டால்தான்
இது விழிக்கும்.

டிரெய்லரின் பக்க விளக்கிலிருந்து குமிழைப் பிடுங்கி
வயரோடு ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன்.
எரிந்தது.
வேகம் கூட்டினேன், அணைந்தது.
அணைந்தால் நல்ல செய்தி.
பதினான்கு புள்ளி இரண்டு.

கொட்டகையை விட்டு இறங்கி
வரிசை முனை வரை போய்த் திருப்பினேன், மெதுவாக.
வெளிச்சம் குறையவில்லை.
கடைசி மரத்தடியில்
சொட்டுநீர்க் குழாய் உடைந்து ஓடிக்கொண்டிருந்தது,
எத்தனை இரவாகவோ.