மூடியைப் போட்டபடி

கோண்டாவிலில் துருவ நட்சத்திரம்
பத்துப் பாகை உயரம்கூட இல்லை.
குகபாலன் வீட்டுத் தண்ணித் தாங்கிக்குப் பின்னால்
அது இருக்கிறது என்று நம்பித்தான்
முக்காலியைத் திருப்புகிறேன்.

மாசிப் பனி மூசிப் பெய்கிறது.
வில்லையில் படிவதைத்
தலைமயிர் காயவைக்கும் மெசினால்
ஊதி ஊதிக் கலைக்கிறேன்.
கிணற்றுக் கட்டில் மடிகணினி,
அதன் திரைக்குச் சிவப்புத் தாள்.
ஊர் வெளிச்சத்தைக் குறைசொல்ல முதல்
என்னுடையதை மூடவேண்டுமல்லவா.

தெற்கே கலியாண மண்டபம்.
பெயர்ப்பலகை ஊதா, பச்சை, திரும்ப ஊதா.
உள்ளே ஐயர் நடுப்பகலில்
கூரையைக் காட்டி அருந்ததி என்பார்,
கண்டோம் என்பார்கள்.
இரவில் வெளியே வந்து பார்த்தாலும்
இப்போது அதே கதைதான்.

சோடியம் விளக்கென்றால் ஒரு மஞ்சள்,
வடிகட்டி போட்டால் தீர்ந்தது.
இந்த எல்ஈடி எல்லா நிறத்திலும் வருகிறது,
ஒருவருக்குச் சொன்ன விருந்துக்கு
குடும்பமாய் வந்து இறங்குவதுபோல.

பகலில் நான் எடுப்பது நெஞ்சுப் படங்கள்.
பெரியாஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை.
மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ. விடாதையுங்கோ.
ஒரு நொடிகூட இல்லை, விடுங்கோ.
ஓரியன் நெபுலாவுக்கு
முப்பது வினாடி, பிறகு இன்னொரு முப்பது,
இப்படி முந்நூற்றைம்பது தரம்.
ஆயிரத்து முந்நூறு வருசமாய்
வந்துகொண்டிருக்கும் ஒளி அது.
அவசரம் எனக்குத்தான்,
காலை ஏழுக்கு வேலை.

தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும்
அரிசி கழுவின தண்ணி.
நூற்றுப்பத்தாவதில் ஒரு வௌவால்.
நூற்றுமுப்பதில் செய்மதி கீறின கோடு.
இருநூற்றியிரண்டு முழுக்க வெள்ளை:
குகபாலனின் பாதுகாப்பு விளக்கு.
பூனை போனாலும் எரியும்.

மதிலால் எட்டிக் கேட்டேன்.
"எத்தினை மணி வரைக்கும் நிப்பாட்ட?"
"இரண்டரை."
"இரண்டரைக்குத்தான் தங்கச்சி அவங்கள் வாறவங்கள்."
போன வருசம் மோட்டச்சைக்கிள் போனது.
அதற்கு முதல் கேற்றில் வாள் கொத்தின தழும்பு,
இன்னும் பெயின்ற் அடிக்கவில்லை.

கொஞ்சம் யோசித்தார்.
பிறகு விளக்கை நிப்பாட்டிவிட்டு
பிளாஸ்ரிக் கதிரையும் இரும்புக் குழாயுமாய்
கேற்றடியில் போய் இருந்தார்.
"போனைப் பாக்கலாமோ?"
"கவிட்டு வையுங்கோ அண்ணை."
ஒரு மணித்தியாலம் இருமல் மட்டும் கேட்டது.

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கும்போது
வந்து பின்னால் நின்றார்.
சாம்பல் விலகி
இளஞ்சிவப்பு மெல்லக் கசிந்தது.
"கண்ணுக்குத் தெரியேல்லையே. நீ கலர் குடுத்ததோ?"
"குடுக்கேல்லை. பொறுக்கினது."
"சளி கட்டின நெஞ்சுபோலக் கிடக்கு."
ஒரு மாதமாக
நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது.

இருபத்திரண்டில் பதின்மூன்று மணித்தியாலம்
கரண்ட் இல்லாத அன்று
வானம் முழுக்க வளவுக்குள் இறங்கியிருந்தது.
என் பற்றரிகள் எல்லாம் செத்துக் கிடந்தன.
சொன்னேன், சிரித்தார்.
அதற்கும் முந்திய இருட்டைப் பற்றி
இருவருமே பேசவில்லை.
அப்போது மேலே பார்த்தது
சத்தத்துக்கு.

இனி நாற்பது படம் மூடியைப் போட்டு.
வெளிச்சமே இல்லாதபோதும் கமரா
தன்பாட்டில் காணுகிற புள்ளிகள் உண்டு.
அவற்றையும் எடுத்து வைத்துக்
கழிக்கவேண்டும்.

"மூடி போட்டபடி கிடக்கு தங்கச்சி."
"தெரியும்."
"அப்ப லைற்றைப் போடட்டோ?"
"போடுங்கோ, இனிப் பிரச்சினை இல்லை."

வேம்பு, கொடியில் மறந்த துவாய்,
அவருடைய நரைத்த நெஞ்சு, என் சப்பாத்து,
எல்லாம் ஒரேயடியாய் வெளித்தன.
மதிலில் நின்ற பூனை கண்ணைச் சுருக்கியது.
பக்கத்தில் கமரா
இருட்டை எடுத்துக்கொண்டிருந்தது,
பதினேழு, பதினெட்டு.