பிலோமினாவின் ஸ்வெட்டர்

வாளியில் சுண்ணாம்பு, ஒரு சொட்டு நீலம்.
இருபத்தொன்பதாவது வருடமாக உனக்கு வெள்ளையடிக்கிறேன்,
பிலோமினாக்கா.
அக்கா என்றுதான் வாயில் வருகிறது.
நீ போனபோது உனக்கு இருபத்துநாலு.
எனக்கு இந்தத் தவக்காலத்தோடு அறுபது.

காட்டுமாடு உரசியதில்
சிலுவையின் இடது கை போய்விட்டது.
சிமெண்ட் வாங்கி வருகிறேன் என்று
கோயில்பிள்ளை ஐம்பது ரூபாய் வாங்கிப் போனார்,
சித்திரையில்.

உனக்குத் தெரிந்திருக்கும்.
பங்குனியில் ஒருநாள்
உன் இருட்டுக்குள் வெளிச்சம் விழுந்திருக்குமே.
அவர்தான்.
வத்தலக்குண்டு இறக்கத்தில் முப்பது வருடம்
பீன்ஸ் மூட்டைகளோடு லாரி இறக்கியவர்
சொந்த வாசற்படியில் வழுக்கி விழுந்தார்.

செண்பகனூர்க் கல்லறையில் இனி இடமில்லை.
சாமியார் நோட்டைப் புரட்டினார்.
சந்தியாகு பேரில் பழைய குழி ஒன்று இருக்கிறது,
பதினாலு வருடம் தாண்டிவிட்டது, திறக்கலாம் என்றார்.
கையெழுத்து நான்தான் போட்டேன்.
உன் கதவைத் திறக்க நான் யார் என்று
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

வெட்டுகிறவர்கள் சாக்கு கேட்டார்கள்.
சாக்கிலா, என்று
என் கல்யாணச் சேலையை எடுத்துவந்தேன்.
அதில் பொதிந்துதான் உன்னை
அவர் காலடியில் வைத்தார்கள்.
இவ்வளவு லேசாக இருப்பாய் என்று
நான் நினைக்கவில்லை.

நிலக்கோட்டை வெயிலிலிருந்து வந்தவள் நான்.
முப்பத்தொன்று வரை யாரும் பெண் கேட்டு வராதவள்.
மார்கழி ராத்திரி, பல் தந்தியடித்தது.
அவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து
ஒரு மெரூன் ஸ்வெட்டரை நீட்டினார்.
யாருடையது என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
இரண்டாவது பொத்தானில்
ஒரு நீளமான முடி சுற்றியிருந்தது.

உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று
ஞாயிறுதோறும் சொல்கிறோம்.
எந்த உடல் என்று யாரும் கேட்பதில்லை.
இந்த முழங்கால்களேவா?
நீ இருபத்துநாலில் எழுவாய்.
பக்கத்தில் நான்
உன் அம்மா மாதிரி நிற்பேன்.
அவர் யார் பக்கம் திரும்புவார்?

ஒருமுறை துணிந்து கேட்டுவிட்டேன்.
அந்த வாழ்வில் கொள்வினை கொடுப்பினை இல்லை,
எல்லாரும் சம்மனசுகள் போல என்றார் சாமியார்.
முதலில் கோபம் வந்தது.
பிறகு ஒரு நிம்மதி.
நேற்று மெழுகுதிரி வாங்கும்போது பயம்:
யாரும் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில்
நான் யாரோடு போய் நிற்பேன்?

அப்புறம் தோன்றியது.
இத்தனை வருடத்தில் அவரிடம் பேசியதைவிட
உன்னிடம்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.
அவர் குடித்துவிட்டு வந்ததை,
மகள் ரோஸ்லின் பத்தாவது தேறியதை,
கர்ப்பப்பை எடுத்ததை.
நீ ஒருநாளும்
அதுதான் தெரியுமே என்று சொன்னதில்லை.

அன்றைக்கு எல்லாருக்கும் வெள்ளாடை உண்டாம்.
சரி.
எக்காளம் ஊதியதற்கும் ஆடை வந்து சேர்வதற்கும் நடுவே
எவ்வளவு நேரம் என்று எங்கேயும் எழுதவில்லை.
இங்கே விடிகாலையில் பெருமாள்மலை தெரியாது,
பக்கத்துக் கல்லறை தெரியாது.
எழுந்ததும் குளிரும் உனக்கு.

முழங்கையில் பச்சை நூலால் இழை ஓட்டியிருக்கிறேன்,
மெரூன் கிடைக்கவில்லை.
மூன்றாவது பொத்தான் வேறு.
பெட்டியில் எனக்கு அதையே போட்டுவிடச் சொல்லி
ரோஸ்லினிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.
கழற்றித் தருகிறேன், போட்டுக்கொள்.

இன்னும் பதிமூன்று வருடம் தாக்குப்பிடித்தால்
இதே குழிக்குள் வரலாமாம் நான்.

பாட்டிலை வெட்டி மறைவு வைத்தும்
திரி மூன்று தடவை அணைந்துவிட்டது.
நாலாவது நிற்கிறது.

முதலில் நீ விழித்தால் என்னைத் தட்டு, அக்கா,
எனக்குத் தூக்கம் கெட்டி.
அவரை
மெதுவாக எழுப்பிக்கொள்ளலாம்.