நிறம் பார்க்கும் வேலை

பகாவ் ரயில் நிலையத்துக்குப் பின்வரிசை.
டயர் கடைக்கு மேல்மாடியில்
ஜெசிந்தா அக்காவின் அலங்காரக் கடை.
ஏர்கோண்ட் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
நாலு பேர் உட்கார்ந்து
ஒரு கல்யாணத்துக்கு நிறம் தேடினோம்.

வண்ண அட்டை விசிறியாய் விரிகிறது.
ஷாம்பெயின், டஸ்ட்டி ரோஸ், சேஜ் கிரீன்.
"இந்த வருசம் எல்லாரும் இதுதாம்மா."
அம்மா ஷாம்பெயினைத் தொட்டுப் பார்த்து
"துவைக்காத வேட்டி" என்றாள்.
அவளிடம் வேறு அட்டை இருக்கிறது, மனப்பாடமாய்:
மாம்பழம், மயில்கழுத்து, வெங்காயத் தோல், அரக்கு.
அரக்கைவிட்டு இறங்குவதாய் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது.
நிறம் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.
செம்பனை ஆலை வாசலில்
லோரி லோரியாய்ச் சரியும் குலைகளில்
கருத்த ஊதா காய்
செம்மஞ்சள் பழம் என்று
குச்சியால் தட்டிப் பிரிக்கிறவள்.
நான் எழுதும் எண்ணில்
ஒரு குத்தகைக்காரரின் மாதமே மாறிவிடும்.
அப்படிப்பட்டவளுக்கு
நாற்காலி ரிப்பனுக்கு ஒரு நிறம் வாயில் வரவில்லை.

மண்டபம் வேறு முன்பே முடிவெடுத்திருந்தது.
சுவர் பல்பொடி ரோஸ்.
மேடைத் திரை பச்சை.
கோயிலில் இரவல் வாங்கும் நாற்காலிகள் சிவப்பு.
"மூடிடலாம். மீட்டர் எட்டு வெள்ளி."
அப்பா கைப்பேசியில் பெருக்கத் தொடங்கினார்.

யுகேந்திரன் மட்டும்
எதைக் காட்டினாலும் நல்லாருக்கு என்றார்.
ரோஸ் நல்லாருக்கு. பச்சை நல்லாருக்கு.
மாப்பிள்ளைக்குப் பிடிப்பில்லையோ என்று
அம்மா என்னைப் பார்த்தாள்.
அப்புறம் அவர் இரண்டு துண்டுத் துணியை
என் பக்கம் நகர்த்தி
"இதுல எது சிவப்பு?" என்றார்,
மெதுவாகத்தான்.
ஆனால் கடை சின்னது.

எனக்குத் தெரியும்.
நாலு வருசத்துக்கு முன்னால்
எங்கள் ஆலைக்கு வேலை கேட்டு வந்தவர்.
பத்துக் குலையை வரிசையாய் வைத்துச் சோதித்தது நான்.
அவர் நிறத்தைப் பார்க்கவே இல்லை.
குந்தி உட்கார்ந்து
உதிர்ந்த பழம் விட்டுப்போன குழிகளை
விரல் விட்டு எண்ணினார்.
பத்து உதிர்ந்திருந்தால் பழம்.
பத்தும் சரி.
மேனேஜர் ரொம்ப மெதுவு என்று அனுப்பிவிட்டார்.
இப்போது வேறோர் ஆலையில் எடைமேடை.
அங்கே எண் போதும்.

"கண்ணுல கோளாறா?"
அம்மா கேட்டதும்
வாளியில் மூன்று சொட்டு விழும் நேரம்
யாரும் பேசவில்லை.
"ரெண்டு நிறம் எனக்கு ஒண்ணாத் தெரியும். அவ்ளோதான் அத்தே."
"சாலை விளக்கு?" இது அப்பா.
"மேல எரிஞ்சா நில்லு. கீழ எரிஞ்சா போ."
அப்பா அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்து
சரி என்றார்.

எது பளிச்சென்று தெரியும் என்று கேட்கத் தோன்றியது
ஜெசிந்தா அக்காவுக்குத்தான்.
நானில்லை. நாலு வருசமாய்க் கேட்டதில்லை.

நீலம். மஞ்சள்.

மஞ்சளை மறுக்க அம்மாவுக்கு வழியில்லை.
நீலம் மட்டும் தொண்டையில் நின்றது.
"கட்சி மாநாடு மாதிரி ஆயிடுமே."
அட்டையைப் புரட்டினாள், திருப்பினாள்,
சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்தாள்.
"சொந்தத்துகிட்ட மயில்கழுத்துன்னு சொல்லிடலாம்."

முன்பணம் ஐந்நூறு. ரசீதும் நீலக் கார்பனில்.
கூறை மட்டும் அரக்கு.
அதில் யாரும் வாய் திறக்கவில்லை.

படியில் இறங்கும்போது கேட்டார்:
"கூறை என்ன நிறம்?"
"பழுத்தது."
"எத்தனை உதிரி?"

கீழே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.
பதிலைக் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.