பன்னிரண்டு புள்ளி ஐந்து

பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு
ஒரேயொரு தகட்டை வரைந்தேன்.
படிக்கட்டுக் கைப்பிடியின் தூண் நிற்கும் அடித்தகடு:
எண்பதுக்கு எண்பது, நடுவில் ஒரு துளை,
விட்டம் பன்னிரண்டு புள்ளி ஐந்து.
மேக்ரோ எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது.
தவறான கோட்டைத் தொட்டு விலகியதை,
மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்ததை,
எதற்கென்று தெரியாமலே மாதிரியை ஒரு சுற்றுச் சுழற்றியதை.
இருநூற்றுப் பதினான்கு வரிகள்.
அதில் வேலை முப்பத்தொன்று.
மீதியெல்லாம் நான்.

என்னை வெட்டி எறிந்தேன்.
மிஞ்சியதைச் சுற்றி ஒரு வளையம் கட்டினேன்,
அட்டவணையின் கடைசி வரி வரைக்கும்
எடு, வரை, சேமி, மூடு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது தகடுகள்.
வாடிக்கையாளரிடம் ஆறு வாரம் கேட்டிருந்தோம்.
ஓர் இரவு போதும் என்று தெரிந்தபோது
குதூகலம் வரவில்லை,
திருடிய பொருளை மேலங்கிக்குள் வைத்திருப்பதுபோல
கிரொய்ட்ஸ்லிங்கன் நிலையத்தில் ரயிலுக்கு நின்றேன்.

ஹென்ரிக்கேயிடம் மட்டும் சொன்னேன்.
அவள் கொன்ஸ்டன்ஸ் கிளையில்.
நடந்தால் பதினெட்டு நிமிடம்,
நடுவே ஒரு நாடு முடிந்து இன்னொன்று தொடங்கும்.
வேலியைப் பிடுங்கிவிட்டுச் சிற்பங்களை நட்டிருக்கிறார்கள்.
நாய்கள் பாரபட்சமில்லாமல்
இரண்டு பக்கமும் காலைத் தூக்குகின்றன.

அட்டவணையில் பாதியை அவளுக்கு அனுப்பினேன்.
அதே கோப்பு, அதே வளையம்,
உச்சியில் நான் சோம்பலில் எழுதிய அதே வரி:
பிழை வந்தால் பேசாமல் அடுத்ததற்குப் போ.

மறுநாள் பட்டறையிலிருந்து ஃப்லூரின் அழைத்தான்.
"துளைகள் வந்து சேர்ந்தன.
தகடுகளை எப்போது அனுப்புவீர்கள்?"

திறந்து பார்த்தேன்.
அளவுக்கோடுகள் அம்பு நீட்டி நின்றன
ஒன்றுமில்லாததன் இருபுறமும்.
கீழே பெயர்க்கட்டத்தில், வரைந்தவர்: நான்.
சரிபார்த்தவர்: அதுவும் நான்.

ஜெர்மன் கணினிக்குத் தசமம் என்றால் காற்புள்ளி.
புள்ளி அதற்கு ஆயிரங்களைப் பிரிக்கும் வெறும் அலங்காரம்.
துடைத்துவிட்டு நூற்றிருபத்தைந்து என்று படித்தது.
எண்பது மில்லிமீட்டர் தகட்டில் அவ்வளவு பெரிய துளை
நான்கு மூலையும் மிச்சமின்றித் தகட்டையே தின்றுவிட்டது.
ஒவ்வொரு முறையும் பிழை என்று கத்தியிருக்கும்.
பேசாமல் போ என்றவள் நானல்லவா.

ஒன்பது வயதில், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு
நானே எழுதிய விடுமுறைக் கடிதம் ஞாபகம் வந்தது.
பல் வலி என்று எழுத நினைத்து
பல வலி என்று எழுதியிருந்தேன்.
ஒரு புள்ளிதான்.
ஒன்று பலவாகிவிட்டது,
என் தாடை முழுவதற்கும் யாரோ அனுதாபப்பட்டார்கள்.
ஓலை கிழியுமென்று புள்ளியே குத்தாமல் எழுதி
படிப்பவரின் தலையில் பாரத்தை இறக்கிய மொழிக்காரி
இயந்திரத்தையா நம்பினேன்,
அதுவாகப் புரிந்துகொள்ளுமென்று?

இன்று இரண்டு வரிகளை மாற்றினேன்.
எந்த நாட்டு மேசையானாலும்
புள்ளியைப் புள்ளியாகவே படி.
பிழை வந்தால் நில், எனக்குச் சொல்.

ஓடவிட்டு, மதிய இடைவேளையில் எல்லை தாண்டினேன்.
அந்தப் பக்கம் கோப்பி 3,20.
இந்தப் பக்கம் 5.40.
சட்டைப் பையில் இரண்டு ரசீதுகளும்
ஒன்றையொன்று தப்பாகப் படித்துக்கொண்டு கிடக்கின்றன.
"மிச்சமாகும் ஐந்தரை வாரத்தை என்ன செய்வாய்?"
என்றாள் ஹென்ரிக்கே.
முதலாளியிடம் சொல்வேன் என்றேன்.
பிறகு, புதன்கிழமை சொல்வேன் என்றேன்.
அவள் சீனியைக் கலக்கினாள், வெகு நேரம்.

கைபேசி அதிர்ந்தது.
1317இல் நிற்கிறது.
தகட்டின் தடிமன் இருக்க வேண்டிய கட்டத்தில்
எண்ணுக்குப் பதிலாக யாரோ எழுதியிருக்கிறார்கள்:
ஊர்ஸிடம் கேள்.

எங்கள் இருவருக்கும்
எந்த ஊர்ஸையும் தெரியாது.