மூன்று மெஷின்

பீடோங் பஸ் நிலையத்துக்குப் பின்னால் டோபிக் கடை.
ராத்திரி ஷிப்டு எனக்கு.
எட்டு மெஷின், ஒரு காற்றாடி,
சில்லறை மாற்றித் தர நான்.

எஸ்டேட் திடலில் சர்க்கஸ் படுத்து ஒன்பது நாள்.
முதலாளி எல்லார் கடப்பிதழையும் எடுத்துக்கொண்டு
தாய்லாந்துப் பக்கம் போய்விட்டானாம்.
கூடாரத்துக்குள்
மழை மட்டும் டிக்கெட் இல்லாமல் வந்து போனது.

பதினோரு மணிக்கு வந்தாள் லுமினிட்சா.
மூன்று மூட்டை. மூன்று மெஷின்.
ஒன்றிலேயே போடேன், பத்து வெள்ளி மிச்சம் என்றேன் மலாயில்.
முடியாதென்றாள்.
இடுப்பில் விரல் வைத்துக் கோடு கிழித்தாள்:
மேலே உடுத்துவது ஒன்று,
கீழே உடுத்துவது ஒன்று,
தட்டு துடைக்கிற துணி தனி.
கலந்தால் கோத்தோர்.
சோப்பு போட்டாலும் போகாத கோத்தோர்.

எனக்குச் சுருக்கென்றது.
பத்தாம் நம்பர் லயத்தில்
தண்டல் வீட்டுப் பின்வேலியில்
ஒரு பால்டின் கவிழ்ந்திருக்கும்.
அப்பாவுக்குக் காப்பி அதில்தான்.

யாரைத் தள்ளி வைக்கிறாய் நீ?
கேட்டேவிட்டேன்.

என் பாவாடையை, என்றாள்.
பிறகு கொஞ்சம் யோசித்து,
அம்மா இருந்தால் உன் டம்ளரில் குடிக்கமாட்டாள்,
நான் குடிப்பேன்,
குடித்ததை வீட்டில் சொல்லமாட்டேன்.

மெஷின் சுற்றச் சுற்றச் சொன்னாள்.
நானூற்றுச் சொச்சம் வருஷம் மடாலயத்துக்கு அடிமை;
விற்ற சீட்டில்
செப்புக் கொப்பரைக்கும் கழுதைக்கும் நடுவில்
பூட்டனின் பெயர்.
அப்புறம் ஒரு போர், ஒரு கம்பிவேலி.
அங்கே போனவர்கள் பெயரை மட்டும் சொல்லவில்லை.
கூப்பிட்டால் செத்தவர்கள் நிம்மதியாய்ப் படுக்கமாட்டார்களாம்.

எங்களை அழுக்கென்கிறவர்கள்
எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் துவைக்கிறார்கள்
என்று சிரித்தாள். முன்பல் ஒன்று தங்கம்.

தம்பிக்கு இன்னும் சிவப்பு ஐசிதான்,
இங்கேதான் பிறந்தான், என்றேன்.
எதற்குச் சொன்னேனோ.

உலர்த்தியில் நாற்பது நிமிஷம்.
சும்மா இருக்க முடியாமல் எண்ணினோம்.
எனக்குத் துவா, அவளுக்கு துய்.
வருஷம் என்றேன், பெர்ஷ் என்றாள்.
மனுஷன் என்றேன்.
எழுந்தே விட்டாள்: மனுஷ்! மனுஷ்!
வாசலில் மோட்டார் நிறுத்திய மாக்சிக்
மனுசியா என்று தன் பங்கைச் சேர்த்தார்.

பகலுக்கு என்ன?
திவெஸ், என்றாள்.
நான் பேசாமலிருந்தேன்.
அந்தச் சொல் எங்களிடமும் இருக்கிறது;
ஆள் செத்தால்தான்
வருஷத்துக்கொரு முறை எடுக்கிறோம்.
அவள் தினமும் காலையில் எடுக்கிறாள்.

வியாழன் விடியுமுன் லாரிகள் போய்விட்டன.
யார் காசு கொடுத்தார்களோ, எந்தப் பக்கம் போனார்களோ.
திடலில் எட்டு முளைக்குழி, தண்ணீரோடு.

நாலாம் மெஷினுக்கு அடியில்
சிவப்பு நாடா ஒன்று கிடந்தது.
தலையில் கட்டுவதா, பாவாடையில் கோப்பதா,
தெரியவில்லை.
எதனோடும் போடாமல்
குழாயடியில் தனியாக அலசி
ஆணியில் மாட்டியிருக்கிறேன்.