பதினான்காம் பலகை

வாரம் மூன்று முறை
பள்ளிப் பேருந்தை இங்கே நிறுத்துகிறேன்.
டிக்கெட் ஜன்னலைத் தாண்டினால்
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழு.
போன வருடமும் அறுபத்தேழுதான்.

நியூ பிரன்ஸ்விக்கில் அணை கட்டியபோது
ஆறு விழுங்குமுன் கழற்றி வந்த வீடுகள்.
தேவாலயச் சுவரில் தச்சன் கிறுக்கியது
இன்னும் தெரிகிறது: வடக்கு, பதினான்கு.
இப்போது அது மேற்கைப் பார்க்கிறது.
கல்லறைக் கற்களும் வந்தன,
கற்கள் மட்டும்.

மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் தீயணைப்பான்.
முன்னால் ஹெப்சிபா க்ரோல் ரொட்டி பிசைகிறாள்.
இடைவேளையில் அவள் பெயர் மார்னி,
என்னிடம் சிகரெட் கேட்பாள்.

இன்று டார்சி என்ற பொடியன்
கற்களைப் படித்துவிட்டு மூச்சிரைக்க வந்தான்:
"நீங்க அடுத்த மார்ச்சுல செத்துடுவீங்க.
பாப்பாவும்."

தொட்டிலில் கிடப்பது துணிப்பொம்மை.
ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை.
ஆசிரியை தொண்டையைச் செருமினாள்.

அவள் கைமாவைத் தட்டிவிட்டு
பொம்மையின் போர்வையைக்
கழுத்துவரை இழுத்துவிட்டாள்.
"அடுப்பு ஆறிடும், தள்ளி நில்லு கண்ணா."

இடைவேளையில் வந்தாள்.
சிகரெட்டை நீட்டினேன், வாங்கவில்லை.
"மார்ச்சா?" என்றாள்.
"ஆறு வருஷமா இங்க இருக்கேன்.
அந்தக் கல்லுப் பக்கம் போனதில்ல."